வீட்டுக்காரக

எங்கள் பக்கத்தில் ஒரே சொல்லை வைத்து இரண்டு ஆண்களைக் கூப்பிடுகிறோம். கட்டிய புருஷனும் வீட்டுக்காரர்தான், வீட்டை வாடகைக்கு விட்டவரும் வீட்டுக்காரர்தான். பேச்சில் வரும்போது இருவரும் ‘வீட்டுக்காரக’. யாரைச் சொல்கிறார்கள் என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அல்லிநகரத்தில் எங்கள் மாடிக்கு அந்தக் குடும்பம் குடிவந்த முதல் வாரமே இந்தச் சொல் ஒரு கூத்துப் பண்ணியது. பால்காரர் கேட்டில் நின்று, “வீட்டுக்காரக இருக்காகளா?” என்று குரல் கொடுத்தார். கீழேயிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து போனார். குடிவந்தவரின் மனைவி மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, “அவுக இப்பத்தான் மாத்திர போட்டுட்டுப் படுத்தாகண்ணே, எதுக்கு?” என்றாள். பால்காரர் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார். “பால் வேணும்னு சொல்லிவிட்ட வீட்டுக்காரக யாரு? அவுக மட்டும் வாங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தோம். மாடியில் படுத்திருந்தவரும் சிரித்திருப்பார்.

அவர் கூடலூர்க்காரர். விடிகாலையில் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மேலே போகும் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவர். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை, இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் மெஷினில் படுத்தாக வேண்டும். மெஷினில் இடம் கிடைத்தது தேனிக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில். அதற்காகத்தான் இங்கே வீடு தேடி வந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. அவள் தையல்காரி. ஏழெட்டு வீடு பார்த்திருக்கிறார்கள். வாசல் வரை நன்றாகப் பேசியவர்கள் எல்லாம், அவர் கையில் ஊசி குத்திப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்ததும், “ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்” என்று கதவைச் சாத்தினார்களாம்.

நான் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். ஸ்கூலில் டீச்சர்கள் சாப்பிடும் நேரத்தில் சொன்னேன், காய்கறிக்கடையில் சொன்னேன். ஐயாயிரம் வாடகை. இரண்டு வருடம் ஒரு ரூபாய் ஏற்றவில்லை. அதையும் சொன்னேன். கணக்கு டீச்சரான எனக்கு என் நல்ல குணத்தை எண்ணிப் பார்க்க விரல் போதாதா என்ன.

எனக்கு அந்தப் பெருமை இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வாடகை வீட்டில் வளர்ந்தவள். கம்பத்தில் நாலு குடித்தனக் காம்பவுண்டு. அந்த வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் ஆனிக் கடைசியில் வந்து வாடகையை ஏற்றிவிட்டுப் போவார். ஏன் ஆனிக் கடைசி? ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாது. கோபித்துக்கொண்டு கிளம்பலாமென்றாலும் முப்பது நாளைக்கு வழி கிடையாது. அந்த முப்பது நாளில் கோபம் ஆறிவிடும், கூடுதல் வாடகை பழகிவிடும். மனிதர் அவ்வளவு யோசித்து வைத்திருந்தார். அப்பா அவருக்கு ‘ஆடி அட்டை’ என்று பேர் வைத்திருந்தார். தோட்டத்தில் காலில் ஏறுமே, அந்த அட்டை. நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வோம், அவர் முதுகுக்குப் பின்னால்.

அப்பா இறந்தது அந்த வாடகை வீட்டில்தான். விடிகாலை, சதய நட்சத்திரம். சில நட்சத்திரத்தில் உயிர் போனால் எங்கள் பக்கம் ‘அடைப்பு’ என்பார்கள். உயிர் போன அறையை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். சதயத்துக்கு ஆறு மாதம். அம்மா அழுவதை நிறுத்திவிட்டு அந்தப் பயத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் வந்து என்ன சொல்லப் போகிறாரோ என்று. ஆடி அட்டை வந்தார். காம்பவுண்டுக் கேட்டின் இரண்டு கதவையும் அவரே திறந்து விட்டார். தன் வீட்டு பெஞ்சைத் தூக்கிவரச் சொன்னார். “எங்கன கொண்டுபோயி வப்பீக, இங்கனயே நடு வீட்டுல வைங்க. ரூம நான் பூட்டிக்கிறேன், நீங்க சாயந்தரம் விளக்கு மட்டும் வைங்க” என்றார். அந்த அறை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது. ஒரு வார்த்தை முகம் சுளித்துப் பேசவில்லை. அடுத்த ஆனியில் வழக்கம்போல் வாடகையை ஏற்றினார்.

இந்தக் கதையை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆடி அட்டை என்ற பேரை மட்டும்தான் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில்தான் மாடி எழுப்பினோம். மகளுக்கு ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவானது. அதே சமயத்தில் மாடிக்காரருக்கு உடம்பு கீழே இறங்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் அவரே படியிறங்கி ஆட்டோவுக்குப் போவார். சித்திரை முடிவதற்குள் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆட்டோக்காரரும் அவளுமாக இரண்டு பக்கம் தாங்கி இறக்க வேண்டியதாயிற்று.

கல்யாண ஜவுளி எடுக்க வந்த என் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். “மதினி, மாடியில இழுத்துக்கிட்டுக் கெடக்காகளாமே. கல்யாணத்துக்கு முன்ன எதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? அதுலயும் அடைப்புல போனா ஆறு மாசம் மாடியப் பூட்டிப் போடணும். சம்பந்தக்காரக என்ன நெனப்பாக?”

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் சொன்னது என் மனதில் ஏற்கெனவே இருந்ததுதான். அன்றிலிருந்து தினமும் காலண்டர் தாளைக் கிழித்ததும் நல்ல நேரம் பார்ப்பதை விட்டுவிட்டு நட்சத்திரம் பார்க்க ஆரம்பித்தேன். அவிட்டம் வந்தால் அடுத்து சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி என்று ஐந்து நாள் தொடர்ந்து பயம். மாடியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் மூச்சு வரும். சத்தம் நின்றால் காது மாடியிலேயே இருக்கும். அவர் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனா, இங்கே சாகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும்.

ஆனி மாதம் பாதியில் ஒரு நாள் மாடிக்குப் போனேன். ஆடி பிறப்பதற்குள் கிளப்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு. ‘காலி பண்ணுங்கள்’ என்று சொல்ல வாய் வராது. நாலு தெருவில் நல்ல பேர் எடுத்து வைத்திருக்கிறேனே. வாடகையை அவர்களால் முடியாத அளவுக்கு ஏற்றிச் சொன்னால் அவர்களே போய்விடுவார்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலை.

அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்தது என் மகளின் கல்யாண ஜாக்கெட். முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, இரண்டுக்கும் ஆரி வேலை. கூலி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தாள். “நம்ம வீட்டுக் கல்யாணங்க்கா” என்றிருந்தாள். கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காலை மடக்க முயன்றார், முடியவில்லை.

“வெலவாசியெல்லாம் ஏறிப்போச்சும்மா. கல்யாணச் செலவு வேற. ஆடியிலருந்து ஏழாயிரத்து ஐந்நூறா குடுத்துரு” என்றேன்.

ஜாக்கெட்டில் குத்திய ஊசியை அவள் உடனே எடுக்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். பிறகு, “சரிங்க்கா” என்றாள்.

அவ்வளவுதான். கெஞ்சுவாள், குறைக்கச் சொல்வாள், அப்போது கறாராக நின்றுவிடலாம் என்று நான் தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகிவிட்டது. படியிறங்கும்போது எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. சரி என்று சொன்னதற்காகக் கோபம்! இப்படியும் ஒரு வீட்டுக்காரி உண்டா என்று கேட்டால், உண்டு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் கேட்டார். “மாடிக்கு வாடகைய ஏத்திட்டியாமே?”

“ஆமா. ரெண்டு வருசமாச்சுல்ல.”

“பணத்துக்கா ஏத்துன?”

நான் ரசத்தை ஊற்றினேன்.

“ஒங்கப்பாவ எங்கன வச்சுத் தூக்குனாக? மறந்துட்டியா?”

“அங்கன கல்யாணமா வச்சிருந்தாக?” என்று சிடுசிடுத்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அவர் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். நினைத்துப் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து மெஷின் சத்தம் விடிவதற்கு முன்பே ஆரம்பித்தது. தெருவில் எல்லா வீட்டிலும் போய்த் துணி வாங்கி வந்தாள். பள்ளிக்கூட யூனிபாரம், புடவைக்கு ஓரம் அடிப்பது, கிழிந்த சுடிதாருக்குத் தையல் போடுவது, எதையும் விடவில்லை. ஆடி பிறந்தது. ஒரு காலையில் கீழே வந்து, துணி வெட்டி மிஞ்சிய பட்டுத் துண்டில் தைத்த சின்னப் பையை என் கையில் கொடுத்தாள். ஏழாயிரத்து ஐந்நூறும் இருந்தது. எல்லாம் ஐம்பதும் நூறுமாக.

கல்யாண வீடென்று வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் முகூர்த்தக்கால் ஊன்ற இடம் பார்த்து வைத்திருந்தோம். சதயத்துக்கு இன்னும் நாலு நாள் என்று அன்று காலைதான் பார்த்திருந்தேன். இனி பொறுத்தால் ஆகாது என்று தோன்றியது.

“இல்லம்மா” என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். “பணத்துக்காக இல்ல. ஒனக்கே தெரியும். கல்யாண வீடு. அவுகளுக்கு உடம்பு இப்பிடி இருக்கு. திடீர்னு ஒண்ணு ஆச்சுன்னா... நீயே யோசிச்சுப் பாரு. கல்யாணம் முடியிற மட்டும் வேற எங்கனயாச்சும்...”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா” என்றாள். “வாடகைதான் பிரச்சனன்னுல்ல நான் நெனச்சேன். மாசம் இன்னும் இருவது ஜாக்கெட் தச்சாச் சரியாப்போகும்னு கணக்குப் போட்டேன்.”

பையை இடுப்பில் செருகிக்கொண்டு, “ஆடியில யாரு வீடு குடுப்பா? ஆனியிலயே சொல்லியிருந்தீகன்னா தேடியிருப்பேன்” என்றாள். அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆடி அட்டைகூட ஆடியில் யாரையும் போகச் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது. உறைத்தும், சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கூடலூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பின்னால், உரமூட்டை போட்டு வைக்கும் ஒரு ஷெட் இருந்தது. அங்கே போவதாக முடிவு செய்தார்கள். “பெறந்த எடத்துக்குப் போறதுதானே, வீடு மாறுறதாகாதுக்கா, பால் காய்ச்ச வேணாம்” என்று எனக்கே சமாதானம் சொன்னாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம் என்றாள்.

மூன்றாம் நாள் அவருடைய பழைய சேக்காளி ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்தார். மாடிக்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஜீப்காரரும் பின்னால் என் வீட்டுக்காரருமாகப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். நான் அட்வான்ஸ் பணத்தோடு ஒரு டப்பா இட்லி, ஒரு பை பழம், ஒரு போர்வை என்று கொண்டுபோய் ஜீப்பில் வைத்துக்கொண்டே இருந்தேன். என்ன வைத்தும் மனசு ஆறவில்லை. கேரளாப் பக்கமே ஜீப் ஓட்டியதில் அவர் வாயில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. போதும் என்பதற்கு ‘மதி’ என்பார். “மதிக்கா, மதி” என்றார், சிரித்துக்கொண்டு. அவர் என்னிடம் பேசியது அதுதான் கடைசி.

அவள் கடைசியாக என் கையில் ஒரு கவரைக் கொடுத்தாள். இரண்டு ஜாக்கெட்டும் தைத்து முடித்து, ஊக்கு வைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

முதல் வாரம் செவ்வாயும் வெள்ளியும் வந்துபோனார்கள் என்று எதிர்வீட்டம்மா சொன்னாள். அந்தம்மாவுக்குத் தையல்காரி இன்னும் இரண்டு ஜாக்கெட் தைத்துத் தர வேண்டியிருந்ததால் அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இருந்தது. அடுத்த செவ்வாய் ஆடி அமாவாசை. அன்று சுருளியில் தர்ப்பணம் கொடுக்கப் பள்ளத்தாக்கே கிளம்பும். பஸ்ஸில் படிக்கட்டில்கூட இடம் இருக்காது. முதல் பஸ்ஸும் நிற்கவில்லை, இரண்டாவது பஸ்ஸும் நிற்கவில்லை. நிற்க முடியாத ஆளைத் தாங்கிக்கொண்டு அவளால் முட்டி மோதி ஏறவும் முடியாது. ஜீப்பெல்லாம் சுருளிச் சவாரிக்குப் போய்விட்டன. வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஷெட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அந்த வெள்ளி ஆடிப்பூரம். நான் காலையிலேயே வீரபாண்டிக்குப் போய், அம்மனுக்கு வளையல் வாங்கிச் சாத்தி, மகளின் கல்யாணப் பத்திரிகையைக் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வாசலில் நாற்காலி போட்டு என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றியிருக்க மாட்டேன், தெருமுனை டீக்கடைக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு பெரிய ரோஜா மாலை. அவருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி வந்தாள்.

குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அழுதவளுக்கு அழுகை பாதியில் நின்றது.

“அண்ணே... நீங்க...” என்று டீக்கடைக்காரர் திணறினார். “வீட்டுக்காரக போயிட்டாகன்னு டெய்லரக்கா போன் பண்ணி அழுதுச்சாம். எதுத்த வீட்டுல சொன்னாக. நாங்க நீங்கன்னு நெனச்சு...”

அவள் எதிர்வீட்டம்மாவுக்குப் போன் செய்து, “வீட்டுக்காரக இப்பத்தான் போயிட்டாகக்கா” என்றிருக்கிறாள். அதற்கு மேல் பேச முடியவில்லை போலிருக்கிறது. எதிர்வீட்டம்மா ஓடி வந்து தெருவில் சொல்ல, தெரு எங்கள் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது. எங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று தையல்காரிக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்?

யாருக்கும் முன்னால் எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்து என் வீட்டுக்காரருக்கு. அவர் பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

“அப்ப எந்த வீட்டுக்காரகண்ணே?” என்று அழுதவள் கேட்டாள்.

“மாடித் தம்பி” என்றார் அவர். “கூடலூர்ல. நாங்கதான் அனுப்பி வச்சோம்.”

புதுச் சுண்ணாம்பு வாடையோடு மாலையின் வாடையும் சேர்ந்து வந்தது. செத்தவருக்கென்று வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது, கடையில் கொடுக்கவும் முடியாது. டீக்கடைக்காரர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளே போய்ச் சட்டை மாற்றினார். மாலையை அணைத்துப் பிடித்துக்கொண்டு கூடலூர் பஸ்ஸுக்கு நடந்தார். என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. கல்யாண வீடு, சாவுக்குப் போகக் கூடாது என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள்.

கல்யாணம் நடந்தது. இரண்டு ஜாக்கெட்டும் மகளுக்குக் கச்சிதமாக இருந்தன. மாடிக்குப் புதுக் குடித்தனம் வந்துவிட்டது, ஏழாயிரத்து ஐந்நூறு தருகிறார்கள்.

ஆனால் அன்று, வந்தவர்கள் எல்லோரும் கலைந்து போனதும் நான் முதலில் செய்தது என்ன என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அழவில்லை. அவளுக்குப் போன் செய்யவில்லை. உள்ளே போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலண்டரைப் பார்த்தேன். ஆடிப்பூரம் என்று தெரிந்தும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்த நட்சத்திரத்தை விரல் வைத்துப் படித்தேன். நாள் முழுக்கப் பூரம்தான். பூரத்துக்கு அடைப்பு கிடையாது. எங்கள் மாடியிலேயே போயிருந்தாலும், வீட்டைக் கழுவிவிட்டிருந்தால் போதும்.